ஓசூரா, சந்தாபுரமா, பெங்களூருவா: எல்லையோரம் எங்கே குடியேறுவது?

டைட்டன் நிறுவனத்தின் பதிவு அலுவலகம் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கிறது. தலைமை அலுவலகம் எல்லை தாண்டி, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியை ஒட்டிய வீரசந்திராவில் இருக்கிறது. மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏதர் நிறுவனமும் இதே வழிதான்: நிர்வாகமும் வடிவமைப்பும் பெங்களூருவில், ஆலை ஓசூரில். ஓலாவின் ஆலை இன்னும் தென்கிழக்கே, இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளியில். இந்த ஏற்பாடு நிறுவனங்களுக்கு வசதி. அவற்றில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்குத்தான் ஒரு கேள்வி தீராமல் நிற்கிறது. கணவனுக்கு ஓசூர் ஆலையில் முதல் ஷிப்ட், மனைவிக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்றால் வீட்டை எங்கே வைத்துக்கொள்வது?

கேட்பவர்கள் பெரும்பாலும் தருமபுரி, சேலம், திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வாடகை எவ்வளவு, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் அதைவிட முன்னால் வர வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ வேலை பார்ப்பவர் சென்னையில் குடியிருந்தாலும் காஞ்சிபுரத்தில் குடியிருந்தாலும் அதே ரேஷன் அட்டை, அதே பள்ளிப் பாடத்திட்டம், அதே சாதிச் சான்றிதழ். ஓசூரில் அப்படி இல்லை. பத்து கிலோமீட்டர் வடக்கே வீடு மாற்றினால் அரசாங்கமே மாறிவிடுகிறது. ஆகவே எந்த மாநிலத்தின் காகிதங்களைக் கையில் வைத்துக்கொள்ளப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், வாடகையை அப்புறம் பேசலாம் என்பதுதான் என் கட்சி.

மூன்று இடங்களை ஒப்பிடுகிறேன். ஒன்று, ஓசூர் மாநகராட்சி. இரண்டு, எல்லைக்கு அப்பால் ஆனேக்கல் வட்டத்தில் இருக்கும் அத்திப்பள்ளி, சந்தாபுரம், பொம்மசந்திரா, ஹெப்பகோடி வரிசை. இனி இதை நடுப்பகுதி என்று சொல்லிக்கொள்வோம். மூன்று, பெங்களூரு மாநகரம்.

ஓசூர் என்பது என்ன ஊர்

பெங்களூருவுக்கு 40 கிலோமீட்டர், சென்னைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மே மாதத்தில்கூட சேலத்துக்காரருக்கு இது குளிர்ந்த ஊர்தான். வெள்ளைக்காரர்கள் இதைக் குட்டி இங்கிலாந்து என்று அழைத்ததாகச் சொல்வார்கள். மத்திகிரியில் அவர்கள் அமைத்த கால்நடைப் பண்ணை இன்றும் இருக்கிறது. பக்கத்துத் தொரப்பள்ளியில்தான் ராஜாஜி 1878இல் பிறந்தார்.

தொழில் வந்த கதை சுருக்கமானது. 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு நிறுவனமான சிப்காட், தொழில் வளராத மாவட்டங்களுக்கு ஆலைகளைக் கொண்டுபோக நினைத்தது. அன்றைக்கு ஓசூர் இருந்த தருமபுரி மாவட்டம் வறண்ட, பின்தங்கிய மாவட்டம். ஆனால் அதன் வடமேற்கு மூலை, பொதுத்துறை ஆலைகளும் பொறியாளர்களும் நிறைந்த பெங்களூருவின் வாசலில் இருந்தது. நிலமும் சலுகையும் தமிழ்நாட்டுடையவை, திறமையும் உதிரிபாகக் கடைகளும் பெங்களூருவினுடையவை. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதே காலத்தில் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து புறப்பட்டது. 1980களின் நடுவில் டாட்டாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. இன்றுகூட டைட்டனில் டாட்டா குழுமத்தைவிட டிட்கோவுக்குத்தான் பங்கு அதிகம்; ஓசூர்க்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது. பிறகு பசுமைக் குடில்களில் ரோஜா வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழில், நூற்றுக்கணக்கான லேத் பட்டறைகள், கடைசியாகத் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் ஐபோன் பாகங்கள் செய்யும் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் என்று வளர்ந்துகொண்டே போயிற்று.

2011 கணக்கெடுப்பில் பழைய நகராட்சி எல்லைக்குள் சுமார் 1.17 லட்சம் பேர்தான். அதன்பின் சுற்றுப்பட்டு ஊர்களைச் சேர்த்து 2019இல் மாநகராட்சி ஆக்கினார்கள். பெயர்ப்பலகை மாநகராட்சி ஆகிவிட்டது; சாலைகளும் சாக்கடைகளும் இன்னும் நகராட்சிக் காலத்து மிச்சம். பாகலூர் சாலையில் மாலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

மொழி பற்றிப் பயப்பட வேண்டாம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் இந்த மண்ணின் மொழிகள். காய்கறிக் கடைக்காரர் ஒரே வாக்கியத்தில் மூன்றைப் பேசுவார்.

போக்குவரத்து: கிலோமீட்டரை நம்பாதீர்கள்

ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி சுமார் 25 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை 44 நேர்கோடாகப் போகிறது. காலை ஆறரைக்குக் கிளம்பினால் நல்ல பயணம். எட்டரைக்குக் கிளம்பினால் அத்திப்பள்ளியிலும் சந்தாபுரத்திலும் நின்று நின்றுதான் போக வேண்டும். சுங்கச்சாவடி வேறு. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பு வரை 2010இல் திறந்த மேம்பாலச் சாலை பத்து கிலோமீட்டர் நீளம். அதற்கும் தனிக் கட்டணம் கொடுக்க வேண்டும். அந்தப் பாலத்திலிருந்து இறங்கியதும் இருக்கும் நெரிசலை எந்தப் பாலமும் தீர்க்கவில்லை.

ஆகவே ஓசூரில் குடியிருந்து பெங்களூருவுக்குப் போய்வர நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, தன் அலுவலகம் சில்க் போர்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைத்தான். பொம்மசந்திரா, ஜிகணி, எலெக்ட்ரானிக் சிட்டி என்றால் ஓசூர் தாராளமாகச் சரிவரும். கோரமங்கலா, ஜெயநகர் என்றால் தினமும் போவது சிரமம்; வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போனால் போதும் என்கிற வேலையென்றால் தாங்கலாம். ஹெப்பாள், மான்யதா, யஷ்வந்த்பூர் என்றால் பேச்சே வேண்டாம்; பெங்களூருவிலேயே வீடு பாருங்கள்.

2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோ இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. ஆர்.வி. ரோடிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள், சில்க் போர்டைத் தலைக்கு மேலே தாண்டிப் போகிறது. பொம்மசந்திராவிலோ ஹெப்பகோடியிலோ குடியிருப்பவருக்கு இது பெரிய வரம். ஓசூர்க்காரருக்குப் பாதி வரம்தான்: பொம்மசந்திரா வரை இருபது கிலோமீட்டருக்குள் பஸ்ஸிலோ இருசக்கர வாகனத்திலோ போய், அங்கிருந்து ரயில் ஏற வேண்டும். மெட்ரோவை ஓசூர் வரை நீட்டும் யோசனை பேச்சிலும் ஆய்விலும் இருக்கிறது. இரண்டு மாநிலங்களின் மெட்ரோ நிறுவனங்கள் வேறு வேறு மின்சார முறையைப் பயன்படுத்துவதால் தொழில்நுட்ப ரீதியாகவும் சிக்கல் இருக்கிறது. மனை விற்பவர் "மெட்ரோ வரப்போகிறது" என்று சொன்னால் சிரித்துவிட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பலர் மறந்துவிடும் வழி ரயில். ஓசூர் ஸ்டேஷன் சேலம்–பெங்களூரு பாதையில் இருக்கிறது. ஆனேக்கல் ரோடு, ஹீலலிகே, கார்மேலராம், பெல்லந்தூர் ரோடு, பையப்பனஹள்ளி என்று அந்தப் பாதை நெடுஞ்சாலையை விட்டு விலகி நகரின் கிழக்கே போகிறது. சர்ஜாபூர் சாலையிலோ பெல்லந்தூர் பக்கமோ வேலை பார்ப்பவருக்கு, சில்க் போர்டைப் பார்க்காமலே அலுவலகம் சேரும் வாய்ப்பு. சீசன் டிக்கெட்டின் விலை, காருக்குப் போடும் பெட்ரோலோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. குறை என்னவென்றால் ரயில்களின் எண்ணிக்கை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம். இரட்டைப் பாதைப் பணி முடிந்தால் நிலைமை மாறும். வீடு பார்ப்பதற்கு முன் உங்கள் வேலை நேரத்தையும் ரயில் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷிப்ட் வேலைக்கும் இந்த அட்டவணைக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது.

சொந்த ஊருக்குப் போகும் விஷயத்தில் ஓசூருக்கு இணை இல்லை. வெள்ளிக்கிழமை மாலையும் பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாளும் பெங்களூரு மடிவாளாவிலிருந்து அத்திப்பள்ளி வரை ஊர்ந்துவரும் கூட்டத்தின் பெரும்பகுதி தமிழ்நாட்டுக்குத்தான் வருகிறது. ஓசூரில் குடியிருப்பவர் அந்த நெரிசலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறார். தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ இரவுச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். ரயிலில் சென்னை போக நினைப்பவருக்கு மட்டும் வருத்தம்: இங்கிருந்து சென்னைக்கு நேரான பாதை கிடையாது. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையமே இல்லை என்பதை நினைத்தால் ஓசூரின் குறை சிறிதாகிவிடும்.

பிள்ளைகளும் சான்றிதழ்களும்

இதுதான் கட்டுரையின் கனமான பகுதி. பள்ளி வயதில் பிள்ளை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினர் பட்டியல்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வேறு மாநிலத்திலிருந்து குடியேறியவர், வந்த மாநிலத்தின் கல்வி, வேலை இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்பது உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொன்ன நிலைப்பாடு. தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீட்டின் கீழ் வரும் ஒரு குடும்பம் சந்தாபுரத்துக்குக் குடிபோய், பிள்ளையை அங்கேயே படிக்கவைத்தால், கர்நாடக ஒதுக்கீட்டில் அந்தப் பிள்ளை பொதுப்பிரிவாகத்தான் நிற்கும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குத் திரும்பி வரலாமே என்பார்கள். வரலாம். 8ஆம் வகுப்பு முதல் 12 வரை தமிழ்நாட்டில் படித்தவருக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. வெளிமாநிலத்தில் படித்தவர் அந்தச் சான்றிதழை வாங்கித்தர வேண்டும். பெற்றோரின் நிரந்தர முகவரி தமிழ்நாட்டில் உறுதியாக இருந்தால் அதிகச் சிக்கல் இல்லை. ஆதாரையும் வாக்காளர் அட்டையையும் கர்நாடகத்துக்கு மாற்றியவர்கள்தான் தாலுகா அலுவலகத்துக்கு நடக்கிறார்கள். மறுபுறம் கர்நாடகத்தின் பொது நுழைவுத் தேர்வு வழியாக அரசு இடம் பெற, 1 முதல் 12 வரை குறைந்தது 7 ஆண்டுகள் அந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. பிள்ளை நான்காம் வகுப்பில் போய் ஒன்பதாம் வகுப்பில் திரும்பினால் அங்கேயும் தகுதி கிடைக்காது, இங்கேயும் காகிதம் தேட வேண்டியிருக்கும். எந்தப் பக்கம் என்றாலும் இருங்கள், நடுவில் மாறாதீர்கள்.

அரசுப் பள்ளியில் படிக்கவைக்கும் குடும்பங்களுக்கு வித்தியாசம் இன்னும் பெரியது. 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் கீழ் மாதம் 1,000 ரூபாய். ஆலையில் கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருக்கும் ஒருவர் வாடகை குறைவென்று எல்லை தாண்டிப் போனால், மிச்சப்படும் வாடகையைவிட இழப்பது அதிகமாகிவிடும்.

மொழிப்பாடம் வேறு. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயம். கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கட்டாயம், சிபிஎஸ்இ பள்ளிகளும் விலக்கல்ல. கன்னடம் படிப்பது நல்லதே. ஆனால் எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளையை எட்டாம் வகுப்பில் திரும்ப அழைத்து வந்து தமிழ்த் தேர்வு எழுதவைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை.

பள்ளிகளின் தரம் என்று பார்த்தால் பெங்களூரு முன்னால் நிற்கிறது. அதில் சந்தேகம் இல்லை. ஓசூரிலும் தனியார் பள்ளிகள் நிறைய வந்துவிட்டன. இசை, விளையாட்டு, நூலகம் என்று தேடுபவர்களுக்குத்தான் ஓசூர் கொஞ்சம் வறட்சியாகத் தெரியும். நடுப்பகுதியில் விளம்பரம் பெரிதாகவும் கட்டணம் அதைவிடப் பெரிதாகவும் உள்ள பள்ளிகள் அதிகம்.

தண்ணீர், மின்சாரம், மருத்துவம்

ஓசூருக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வழியாகக் காவிரி வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம்; பல்லும் எலும்பும் பாதிக்கப்படுவதைத் தடுக்க ஜப்பானிய நிதியுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் தொடங்கிய திட்டம் அது. எல்லாத் தெருவுக்கும் தினமும் வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாகச் சேர்ந்த வார்டுகளில் ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீரும்தான் இன்னும் கைகொடுக்கின்றன. ஆனேக்கல் வட்டத்துப் புது அடுக்குமாடிகளிலோ பெரும்பாலும் லாரி மட்டும்தான். 2024 கோடையில் பெங்களூரு பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். காவிரி ஐந்தாம் கட்டம் அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய பிறகு மாநகரின் விளிம்பில் உள்ள 110 கிராமங்களுக்கு விடிவு கிடைத்தது. அத்திப்பள்ளி அந்தப் பட்டியலில் வராது.

தென்பெண்ணையைப் பற்றி ஒரு வார்த்தை. நந்தி மலையில் பிறந்து, பெங்களூருவின் கழிவை ஏந்திக்கொண்டு வரும் ஆறு ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகப் பொங்குகிறது. மழைக்காலத்தில் பாலத்தை மறைக்கும் அளவுக்கு நுரை எழும். பெங்களூருவின் வேலையும் சம்பளமும் வேண்டும் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஊர், அதன் சாக்கடையையும் வாங்கிக்கொள்கிறது. அந்த அணைப் பக்கம் "ஆற்றோர வில்லா" என்று யாராவது மனை காட்டினால் மழைக்காலத்தில் ஒருமுறை மூக்கோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அரசு உதவிகளில் கர்நாடகத்தின் கை கொஞ்சம் தாராளம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். அங்கே கிருஹ ஜோதி திட்டத்தில், ஏற்கெனவே பயன்படுத்திய சராசரியையும் அதில் பத்து சதவீதத்தையும் கூட்டி, மாதம் 200 யூனிட் வரை இலவசம்; வாடகைக்கு இருப்பவர்களும் பெறலாம். மகளிர் உதவித்தொகை இங்கே 1,000, அங்கே 2,000. பெண்களுக்கு இலவச பஸ் இரு பக்கமும் உண்டு, ஆனால் எல்லையோடு நின்றுவிடும். கர்நாடகத்தின் சக்தி திட்டத்துக்கு அந்த மாநில முகவரி வேண்டும். தமிழ்நாட்டின் விடியல் பயணம் சாதாரண நகர பஸ்களுக்கு மட்டும். ஓசூர் முகவரியோடு நேர் பஸ்ஸில் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் பெண், வழி முழுக்க டிக்கெட் எடுத்துத்தான் போக வேண்டும்.

மருத்துவத்துக்கு நடுப்பகுதிதான் சிறந்த இடம். பொம்மசந்திராவில் நாராயணா மருத்துவமனை வளாகம் இருக்கிறது; இதய நோயாளி வீட்டில் இருந்தால் இது சாதாரண விஷயமல்ல. ஓசூரிலிருந்தும் அது அதிகத் தொலைவில்லை. மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிமான்ஸ் ஓசூர் சாலையிலேயே, செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை அதற்குப் பக்கத்தில், நகருக்குள் போனால் கிடைக்கும்.

வாங்குவதானால்

வாடகையில் ஓசூர் தெளிவாக மலிவு. பெங்களூருவில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பழைய வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. நடுப்பகுதி வாடகை, மெட்ரோ வந்த பிறகு ஓசூரைவிட்டு விலகிப் பெங்களூருவை நெருங்குகிறது.

வாங்குவதில் வித்தியாசம் பத்திரப்பதிவிலேயே தொடங்குகிறது. தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2, ஆக 9. கர்நாடகத்தில் 2025 ஆகஸ்ட் இறுதியில் பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாக உயர்த்திய பிறகும், முத்திரைத்தாளும் கூடுதல் வரிகளும் சேர்த்து ஏறத்தாழ 7.6தான். பார்க்க அங்கே மலிவு. ஆனால் ஆனேக்கல் வட்டத்தில் விவசாய நிலத்தை முறைப்படி மாற்றாமல் மனையாக வெட்டி விற்ற "ரெவின்யூ சைட்" என்பவை ஏராளம். சொத்துக்கு உள்ளாட்சி வைத்திருக்கும் பதிவான கதா முறையான ஏ கதாவா, குறையுள்ள பி கதாவா, கணினிப் பதிவான இ-கதா ஏறியிருக்கிறதா என்று கேட்டு, கன்னடம் படிக்கத் தெரிந்த வழக்கறிஞரிடம் மூலப்பத்திரத்தைக் காட்டாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. இங்கே நகரமைப்புத் துறையின் டிடிசிபி அங்கீகாரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று தேட வேண்டியவை பழகிய பெயர்களாவது; தமிழ் படிக்கத் தெரிந்தவர் தானே பார்த்துவிடலாம். ஓசூரில் ஏமாற்று இல்லை என்று சொல்லவில்லை. ஏரிப் புறம்போக்கை விற்கிறவர்கள் எல்லையின் இரு பக்கமும் இருக்கிறார்கள்.

விமான நிலையத்தை நம்பி வாங்காதீர்கள். 2024 ஜூனில் ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெங்களூரு விமான நிலையத்தோடு மத்திய அரசு போட்ட ஒப்பந்தத்தில், 150 கிலோமீட்டர் சுற்றளவில் 2033 வரை போட்டி விமான நிலையம் வரக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. அறிவிப்பு வந்த வாரமே மனை விலை ஏறிவிட்டது. விமானம் எப்போது ஏறும் என்பது வேறு கதை.

வாகனத்தையும் இதே கணக்கில் சேருங்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். டிஎன் 70 எண்ணுள்ள காரோடு சந்தாபுரத்தில் குடியிருப்பவர் ஆயுள் வரியை மறுபடி கட்ட வேண்டிவரும். ஓசூரில் குடியிருந்து தினமும் போய்வருபவருக்கு, கேட்டால் காட்ட முகவரிச் சான்று இருக்கிறது.

எல்லை மூடும் நாட்கள்

ஆண்டு முழுக்க அந்தக் கோடு கண்ணுக்கே தெரியாது. காவிரிப் பிரச்சினை கொதிக்கும்போது மட்டும் தெரியும். 2016 செப்டம்பரில் பெங்களூருவில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிக்கப்பட்டன. 2023 செப்டம்பர் 29 கர்நாடக பந்த் அன்று தமிழ்நாட்டு பஸ்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் ஜுஜுவாடியோடு நின்றன. பயணிகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து எல்லை தாண்டி அந்தப் பக்கத்து பஸ் பிடித்தார்கள். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது இ-பாஸ் இல்லாமல் வேலைக்குப் போக முடியாதவர்கள் ஏராளம். வீட்டையும் வேலையையும் கோட்டின் இரு பக்கமும் வைத்துக்கொள்பவர் இப்படிச் சில நாட்களை எதிர்பார்த்தே ஆக வேண்டும். வீட்டிலிருந்தபடி வேலை பார்க்க முடிந்தவருக்கு இது தொல்லை மட்டும். ஆலையில் ஷிப்டுக்கு நேரில் போக வேண்டியவருக்குச் சம்பள இழப்பு. அதனால் குடும்பத்தில் வருகையை விட்டுக்கொடுக்க முடியாத வேலை யாருடையதோ, வீடு அவர் பக்கம் இருப்பதுதான் நியாயம். ஓசூர் ஆலைத் தொழிலாளியின் குடும்பம் ஓசூரில்தான் இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாருக்கு எது

ஒருவருக்கு ஓசூர் ஆலை, மற்றவருக்கு எலெக்ட்ரானிக் சிட்டி, பள்ளி வயதில் பிள்ளை: ஓசூர். யோசிக்கவே வேண்டாம்.

இருவருக்கும் பெங்களூருவில் வேலை, பிள்ளை இல்லை அல்லது கைக்குழந்தை: ஹெப்பகோடி, பொம்மசந்திரா போன்ற மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் வாடகைக்கு இருங்கள். பிள்ளை முதல் வகுப்பு சேரும்போது மாநிலத்தை முடிவு செய்துகொள்ளலாம்.

அத்திப்பள்ளியைத்தான் நான் யாருக்கும் சொல்வதில்லை. மெட்ரோ எட்டாது, காவிரி எட்டாது, தமிழ்நாட்டுப் பள்ளிச் சலுகையும் கிடையாது. விலை மலிவு என்பதைத் தவிர அதற்காகப் பேச ஒன்றும் இல்லை. அங்கேயே தொழிற்பேட்டையில் வேலை என்றால் மட்டும் சரி.

வேலை வடக்கு பெங்களூருவில் என்றால் ஓசூர் மலிவாயிற்றே என்று பார்க்காதீர்கள். மிச்சப்படும் வாடகை சாலையிலேயே கரையும். உடம்பும் கூடவே கரையும்.

ஐடிஐ, டிப்ளமோ முடித்து முதல் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்த ஒப்பீடு முழுக்கவும் பொருந்தாது. அவர்கள் ஆலைக்குப் பக்கத்தில், நாலு பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்து, கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து போகும்படி இருந்தால் போதும். அப்ரண்டிஸ் காலம் முடிந்து நிரந்தரம் ஆகிறதா, இன்னொரு கான்ட்ராக்டா என்று தெரிவதற்கு முன் ஓசூரில் மனைக்கு முன்பணம் கட்டுவது அவசரம்.

ஓசூர் என்று முடிவானவர்களுக்கு ஊருக்குள் எந்தப் பக்கம் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. தினமும் பெங்களூரு போகிறவர் ராயக்கோட்டை சாலைப் பக்கம் வீடு எடுத்தால், நெடுஞ்சாலையில் வடக்கே திரும்புவதற்குள் ஊர் நெரிசலையெல்லாம் கடக்க வேண்டும். ஜுஜுவாடி, மூக்கண்டப்பள்ளிப் பக்கம் எல்லைக்கு அருகில் இருக்கிறது, ஆனால் சிப்காட்டின் புகையும் லாரிச் சத்தமும் கூடவே வரும். இரவில் ஒருமுறை போய் நின்று பார்த்துவிட்டு வாடகை பேசுங்கள். சர்ஜாபூர் பக்கம் வேலை என்றால் பாகலூர் சாலை. அங்கிருந்து நெடுஞ்சாலையைத் தொடாமலே சர்ஜாபூர் போக வழி இருக்கிறது. தேன்கனிக்கோட்டை வட்டத்து ஆலைகளுக்குப் போகிறவருக்கு மத்திகிரியும் தளி சாலையும் வசதி, காற்றும் நன்றாக இருக்கும். ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக்கூட்டம் இறங்கி வரும் பக்கமும் அதுதான். இரவு ஷிப்ட் முடிந்து இருசக்கர வாகனத்தில் தனியாகத் திரும்புகிறவர், வனத்துறை எச்சரிக்கை இருக்கும் நாட்களில் கம்பெனி பஸ்ஸிலேயே வந்துவிடுவது நல்லது.